திரைக்குள் அடங்காத தமிழ்: தானியங்கி லேஅவுட்டின் கதை

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும் பேருந்தின் நெற்றியில் ஒரு பலகை இருக்கும். மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று நான்கு ஊர்ப் பெயர்கள். பலகையின் அகலம் மாறாது. பெயர்களின் நீளமோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. 'தேனி' இரண்டே எழுத்து. 'உசிலம்பட்டி' ஏழு எழுத்து. பெயர் எழுதும் ஓவியர் இதற்காகக் கணக்குப் போடுவதில்லை. சாக்பீஸால் லேசாகக் கோடு இழுத்துக்கொள்வார். நீளமான பெயரைக் கொஞ்சம் நெருக்கி எழுதுவார். சின்னப் பெயரைக் காலாற உட்கார வைப்பார். கடைசியில் பலகை நிறைந்திருக்கும், எந்தப் பெயரும் இடிபட்டிருக்காது.

கம்ப்யூட்டர் உலகில் இந்த வேலைக்குப் பெயர் 'தானியங்கி லேஅவுட்'. திரை சின்னதோ பெரியதோ, அதற்குள் எழுத்தும் படமும் பட்டனும் தாமாகவே இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். கைப்பேசியில் ஒரு மாதிரி, மடிக்கணினியில் வேறு மாதிரி. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓவியர் கண்ணால் செய்வதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தமிழுக்கு இன்னும் முழுதாகச் சொல்லிக்கொடுத்து முடியவில்லை.

ஏன் என்பதற்கு 'ஆண்டிபட்டி' என்ற பெயரே போதும். தமிழ் இலக்கணப்படி இது 6 எழுத்து: ஆ, ண், டி, ப, ட், டி. யூனிகோடு முறையில் இதைச் சேமித்தால் 10 குறியீடுகள், ஏனென்றால் புள்ளியும் இகரக் குறியும் அங்கே தனித்தனி. வலைத்தளங்கள் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட்டுகள். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 9 எழுத்து, 9 குறியீடு, 9 பைட். ஆங்கிலத்தில் எந்த வழியில் எண்ணினாலும் ஒரே விடை. தமிழில் எண்ணும் வழிக்கு ஒரு விடை. "இந்தப் பெட்டியில் 9 எழுத்து வரை இடம் உண்டு" என்று ஒரு மென்பொருள் சொன்னால், எந்த 9 என்ற கேள்வி தமிழனுக்கு மட்டும்தான் வரும்!

எழுத்து இயந்திரத்துக்காக வளைந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இயந்திரம் எழுத்துக்காக வளையத் தொடங்கிய காலம் பிறகு வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் இந்த வரலாறு.

ஈய எழுத்தின் காலம்

தமிழ் அச்சேறியது 1578 அக்டோபரில். கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். போர்ச்சுகீசியப் பாதிரியார் என்ரிக் என்ரிக்கஸ் மொழிபெயர்த்தது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவிலேயே அச்சான முதல் நூல் என்று இதைச் சொல்கிறார்கள்.

பக்கத்துக்கும் எழுத்துக்குமான சண்டையும் சீக்கிரமே தொடங்கிவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் தொடங்கியபோது தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சடித்தால் காகிதத்துக்கு எங்கே போவது? ஆட்லர் என்ற ஜெர்மானியர் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்துக் கொடுத்தார். 1715-ல் நூல் முடிந்தது. இருக்கும் இடத்துக்கு ஏற்ப எழுத்தின் அளவை மாற்றுவது என்ற இன்றைய வேலையை அன்று உலையும் ஈயமும் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அதன்பின் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழின் 'லேஅவுட் இயந்திரம்' அச்சுக்கோப்பவரின் கைதான். இடது கையில் ஸ்டிக், எதிரே அறை அறையாகப் பிரித்த எழுத்துப் பெட்டி. ஒரு வரி நிரம்பும்போது கடைசிச் சொல் அடங்காவிட்டால் சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளித் துண்டுகளை மெல்லியதாக மாற்றுவார். அப்போதும் அடங்காவிட்டால் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவார். எங்கே உடைக்கலாம், எங்கே உடைக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். மெய்யெழுத்தில் ஒரு வரி தொடங்குவதை அவர் அனுமதிக்க மாட்டார். புத்தகத்தில் படித்த விதி அல்ல அது, கைப்பழக்கம்.

சிக்கல் எழுத்துப் பெட்டியில் இருந்தது. தமிழில் 247 எழுத்து. அத்தனைக்கும் தனி அச்சு தேவையில்லை என்றாலும், உகர ஊகார உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அதோடு ணா, றா, னா போன்றவை அன்று இன்றுள்ள மாதிரி இல்லை. காலைச் சுழித்து ஒரே எழுத்தாக எழுதப்பட்டன. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்போடு நின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் தனி அறை வேண்டும்.

தட்டச்சு வந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் இறுகியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வடிவமைத்தவர். புள்ளிக்கு அவர்கள் கண்ட வழி 'நகரா விசை'. அதை அழுத்தினால் புள்ளி விழும், ஆனால் உருளை நகராது. அடுத்து மெய்க்குரிய எழுத்தைத் தட்டினால் அது புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். அருமையான தந்திரம். ஆனால் சாதாரணத் தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு தட்டலுக்கும் உருளை ஒரே அளவுதான் நகரும். ஒல்லியான 'ர'வும் அகலமான 'ஞ'வும் ஒரே அகல அறைக்குள் வாழ வேண்டும். இடத்துக்கு ஏற்ப எழுத்து தன்னைச் சுருக்கிக்கொண்டது.

1978: ஓர் ஆண்டு, இரண்டு தீர்வுகள்

பெரியார் 1935-லேயே தம் 'குடி அரசு' இதழில் எழுத்தைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கினார். வாதம் நேரடியானது. 'கா' என்று எழுத ககரத்துக்குப் பின் ஒரு கால் போதுமானால் 'ணா'வுக்கு மட்டும் ஏன் சுழி? 'கை'க்கு ஒரு கொம்பு, 'லை'க்கு வேறு கொம்பா? அச்சுக்கோப்பவருக்கு வேலை குறையும், குழந்தைக்குக் கற்பது எளிதாகும், தட்டச்சுக்கு விசை மிச்சமாகும்.

அவர் சொன்னவற்றில் ஒரு பகுதி அரசாணையானது 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டை ஒட்டி. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை என்ற 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிச் சரியாக 400 ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபரில்!

ஆணை பிறப்பித்தது எம்.ஜி.ஆர். அரசு. அதே எம்.ஜி.ஆர். 1984 டிசம்பர் சட்டமன்றத் தேர்தலில் நின்ற தொகுதி ஆண்டிபட்டி. அப்போது அவர் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். தொகுதிக்கு வராமலேயே வென்றார். அந்தத் தேர்தலின் சுவரெழுத்துகளை எழுதியவர்களில் பழைய 'லை' எழுதப் பழகிய கைகளும் இருந்திருக்கும், புதிய 'லை'க்கு மாறிய கைகளும் இருந்திருக்கும். அரசாணை ஒரே நாளில் வரும். கை மாற ஆண்டுகள் ஆகும்.

இங்கே எழுத்தை இயந்திரத்துக்காக எளிமையாக்கிக்கொண்டிருந்த அதே 1978-ல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒருவர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். பெயர் டொனால்டு நூத். கணினி நிரலாக்கம் பற்றிய அவருடைய பெரும் நூல் வரிசை புகழ்பெற்றது. அதன் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான மெய்ப்புகள் 1977-ல் அவர் கைக்கு வந்தன. பழைய ஈய அச்சின் அழகு போய், புதிய ஒளி அச்சில் எழுத்துகள் அசிங்கமாக இருப்பதைக் கண்டு நொந்துபோனார். "சரி, பக்கம் அமைக்கும் மென்பொருளை நாமே எழுதிவிடுவோம்" என்று இறங்கினார். 1978-ல் அதன் முதல் வடிவம் ஓடியது. அதுதான் 'டெக்'.

டெக்கின் மூலக் கருத்து இரண்டு சொல்லில் அடங்கும்: பெட்டி, பசை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பெட்டி. பெட்டிகளுக்கு நடுவே பசை. பெட்டி நீளாது, சுருங்காது. பசை நீளும், சுருங்கும், ஆனால் ஓர் எல்லை வரை.

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். அங்கே இதைச் சேலையை வைத்தே விளக்கிவிடலாம். சேலையின் கரை இத்தனை விரற்கடை என்று முடிவானால் முடிவானதுதான். முந்தியும் அப்படியே. சேலை இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும் என்றால் கூடுவது உடல்தான். கரையும் முந்தியும் பெட்டி, உடல் பசை. தறியில் உட்கார்ந்தவருக்கு இதைச் சொல்லித்தர நூத் வரவேண்டியதில்லை. ஆனால் கணினிக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

1981-ல் நூத்தும் மைக்கேல் பிளாஸும் வெளியிட்ட கட்டுரை இன்னொரு படி மேலே போனது. அதுவரை மென்பொருள்கள் வரி வரியாக நிரப்பின. முதல் வரி முடிந்ததும் அதை மறந்துவிட்டு அடுத்த வரி. இவர்களோ பத்தி முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கச் சொன்னார்கள். கடைசி வரி அழகாக வரவேண்டுமென்றால் முதல் வரியை லேசாகத் தளர்த்தலாம். பலகை ஓவியர் நான்கு பெயரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் முதல் பெயரைத் தொடங்குகிறார், அதே புத்தி.

இயந்திரத்தை எழுத்துக்காக வளைக்க முடியும் என்று காட்டியதுதான் நூத்தின் பெரிய பங்களிப்பு. ஆனால் அந்தப் பலன் தமிழ்த் திரைக்கு வந்து சேர வெகுநாள் ஆனது.

'800x600 திரையில் பார்க்கவும்'

1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் வலைப்பக்கம் எந்தத் திரையிலும் தானாகவே அடங்கும். ஜன்னலைச் சுருக்கினால் வரிகள் மடங்கிக்கொள்ளும். அதாவது வலை பிறக்கும்போதே நெகிழ்வாகத்தான் பிறந்தது! அதைக் கெட்டிப்படுத்தியவர்கள் மனிதர்கள். பத்திரிகைப் பக்கம் மாதிரி அழகாக வேண்டும் என்று அட்டவணைகளுக்குள் அட்டவணை போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை முட்டுக் கொடுத்து, 800 பிக்சல் அகலத்துக்குப் பக்கத்தை ஆணியடித்தார்கள். 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ் தரமாக வந்தும் இந்தப் பழக்கம் சீக்கிரம் போகவில்லை. விண்டோஸ் மென்பொருள்களிலும் இதே கதை. 1991-ல் வந்த விஷுவல் பேசிக்கில் பட்டனை இழுத்து ஓரிடத்தில் வைத்தால் அது அங்கேயே நிற்கும். 'ஓகே' அடங்கும் பட்டனில் 'தேர்ந்தெடுக்கவும்' அடங்குமா என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ் வலைத்தளங்களுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை. 1995-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழை வலையில் ஏற்றினார்கள். அதன்பின் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைப்பதுதான் அன்றைய உத்தி. பாமினி முறையில் மெய்யெழுத்தின் புள்ளி இருந்தது ஆங்கில அரைப்புள்ளியின் இடத்தில். மனிதக் கண்ணுக்கு அது 'அம்மா'. கணினிக்கு அது நடுவில் அரைப்புள்ளி வைத்த ஏதோ ஓர் ஆங்கில உளறல். சொல் எங்கே தொடங்குகிறது, எழுத்து எங்கே முடிகிறது என்றே தெரியாத இயந்திரம் அதை எப்படி ஒழுங்காக மடிக்கும்? அதனால் 'இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும், 800x600 திரையில் பார்க்கவும்' என்ற அறிவிப்பு தமிழ்த் தளங்களின் வாசலில் கோலம் மாதிரி நிரந்தரமாக இருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு ஒரு பொது விசைப்பலகையையும் பொதுக் குறியீட்டு முறைகளையும் பரிந்துரைத்தது. இன்னொரு பக்கம் யூனிகோடு வளர்ந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 2000-ல் 'லதா' எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் தட்டச்சு செய்யும் வேலையை எளிதாக்கின. வலைப்பதிவுகள் பெருகின.

யூனிகோடின் பெரிய மாற்றம் வெளியே தெரியாதது. எழுத்து என்பது வேறு, அதன் தோற்றம் என்பது வேறு என்று அது பிரித்தது. 'கொ' என்பதைச் சேமிக்கும்போது ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து. திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். இந்த இடமாற்றத்தை எழுத்துருவும் அதை இயக்கும் மென்பொருளும் சேர்ந்து செய்கின்றன. இதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. 1978-ல் விடைகொடுத்த தும்பிக்கை 'லை'யை இன்று ஓர் எழுத்துரு விரும்பினால் மறுபடி காட்டலாம். சேமிப்பில் ஒரு குறியீடும் மாறாது, ஒரு விசையும் கூடாது. உகர ஊகார எழுத்துகளையும் சீர்திருத்த வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி போன்றோர் நெடுநாள் வாதாடினார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. எளிமையாகக் கற்கலாம் என்ற அவர்கள் வாதம் தனி விஷயம். ஆனால் 'இயந்திரத்துக்காக' என்ற காரணம் மட்டும் அதற்குள் காலாவதியாகிவிட்டது.

செல்பேசியில் இது வந்துசேர இன்னும் நாளானது. 2005-ல் சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. அங்கேயும் இடப் பஞ்சம்தான். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து, யூனிகோடு குறுஞ்செய்தியில் 70 குறியீடு. 'ஆண்டிபட்டி' என்ற பெயரை ஏழு முறை எழுதினால் தீர்ந்தது. தொடக்ககால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. அப்போது பலர் ஓபரா மினி உலாவியின் ரகசிய அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒரு விருப்பத்தை மாற்றினார்கள். உடனே தமிழ் தெரிந்தது! காரணம், அந்த எழுத்துகளை எல்லாம் சர்வரே படமாக வரைந்து அனுப்பியது. பார்க்கலாம், ஆனால் அது எழுத்தல்ல, எழுத்தின் போட்டோ.

காசோவரியும் அதன் வாரிசுகளும்

இதற்குள் லேஅவுட் ஆராய்ச்சி தனி வழியில் வளர்ந்திருந்தது. அதன் வேர் 1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்டு உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்'. திரையில் ஒளிப்பேனாவால் வரைந்துவிட்டு, "இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்கட்டும்" என்று கட்டளையிடலாம். எத்தனையாவது புள்ளியில் என்று சொல்ல வேண்டாம். உறவைச் சொன்னால் போதும், இடத்தைக் கணினி கண்டுபிடிக்கும்.

1997-ல் ஆலன் போர்னிங், கிம் மேரியட், பீட்டர் ஸ்டக்கி, யி சியாவ் ஆகிய நால்வர் இந்தக் கருத்தை வேகமாகத் தீர்க்கும் வழிமுறையை வெளியிட்டார்கள். பறக்காத பெரிய பறவை ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள்: காசோவரி. இதில் உறவுகளைச் சமன்பாடாகவும் சமனின்மையாகவும் எழுதலாம். "பட்டனின் இடது ஓரம், பெயருக்கு 8 புள்ளி தள்ளி." "பெட்டியின் அகலம் 100-க்குக் குறையக்கூடாது." எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாமல் போனால்? அதற்குத்தான் வரிசை. கட்டாயம் நடக்க வேண்டியவை, முக்கியமானவை, முடிந்தால் நல்லது என்ற வகையானவை. கல்யாண வீட்டுப் பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்று முடிவெடுப்பது மாதிரிதான்.

பத்தாண்டுக்கு மேல் இது ஆராய்ச்சியாளர்களின் சொத்தாகவே இருந்தது. 2007-ல் வந்த முதல் ஐபோனுக்கு ஒரே திரை அளவு, 320x480. அதற்கு எதற்குக் காசோவரி? அளவெடுத்து ஆணியடித்தால் போதும். ஆனால் திரைகள் பெருகின. 2010 மே மாதம் ஈத்தன் மார்க்கோட் என்ற வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதினார். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அளவைக் கேட்டு மாறும் விதிகள் ஆகிய மூன்றையும் சேர்த்து அதற்கு ஒரு பெயர் வைத்தார். 'ரெஸ்பான்சிவ்' என்ற சொல் வலை வடிவமைப்பில் நிலைத்தது அன்றுதான். 1991-ல் இயல்பாக இருந்ததை 2010-ல் திரும்பக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்லலாம்.

2011-ல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கு 'ஆட்டோ லேஅவுட்' கொண்டுவந்தது. உள்ளே இருந்தது காசோவரி. 2012-ல் ஐபோன் 5 நீளமான திரையோடு வந்தபோது அது போன்களுக்கும் வந்தது. 2016-ல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு அறிவித்த 'கன்ஸ்ட்ரைன்ட் லேஅவுட்'டும் அதே பறவையின் குஞ்சுதான். வலையில் ஃபிளெக்ஸ்பாக்ஸ் முதலில், 2017 மார்ச்சில் முக்கிய உலாவிகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சிஎஸ்எஸ் கிரிட். 2019 டிசம்பரில் ஃபிக்மா தன் வரைபலகையிலேயே தானியங்கி லேஅவுட்டைச் சேர்த்தது. எழுத்து நீண்டால் பட்டனும் கூடவே நீளும். நிரல் எழுதத் தெரியாதவருக்கும் பெட்டியும் பசையும் கைக்கு வந்தன.

கருவி தெரிந்துகொள்ளாதவை

கருவி வந்துவிட்டது. ஆனால் கருவிக்கு விதி சொல்பவர் மனதில் ஆங்கிலம் இருந்தால் என்ன ஆகும்?

முதலில் நீளம். ஆங்கிலத்தில் 10 எழுத்துக்குள் முடியும் சிறு சொல், மொழிபெயர்ப்பில் இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கலாம் என்பது ஐபிஎம் நிறுவனம் தந்த பழைய வழிகாட்டுதல். தமிழில் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்வதால் ஒரே சொல் முழுவரியைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இடைவெளி இல்லாததால் மடக்கவும் வழியில்லை. 'எங்கே வேண்டுமானாலும் உடை' என்ற விதியைப் போட்டால் 'தேர்ந்தெடுக்கவும்' என்பதன் கடைசி 'ம்' மட்டும் தனியாக அடுத்த வரியில் வந்து நிற்கும். மெய்யெழுத்தில் வரி தொடங்கக்கூடாது என்று அச்சுக்கோப்பவர் கைக்குத் தெரிந்த விதி, அதை யாரும் எழுதித் தராததால் இயந்திரத்துக்குத் தெரியவில்லை. இந்திய மொழிகளுக்கான இப்படிப்பட்ட தேவைகளை டபிள்யு3சி அமைப்பு இப்போதுதான் ஆவணங்களாகத் தொகுத்துவருகிறது.

அடுத்தது உயரம். தமிழ் மேலேயும் கீழேயும் பரவும் எழுத்து. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் தமிழை ஊற்றினால் தலையோ காலோ வெட்டுப்படும். புள்ளி போனால் 'ஊர்' 'ஊர' ஆகும். 'பு'வின் கீழ்க்கோடு போனால் 'அனுப்பு' 'அனுப்ப' ஆகும். ஆங்கிலத்தில் 'ஐ'யின் மேற்புள்ளி வெட்டுப்பட்டால் அசிங்கம், அவ்வளவுதான். தமிழில் புள்ளி வெட்டுப்பட்டால் அது வேறு எழுத்து.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மூன்று புள்ளி. இடம் போதாதபோது கடைசியில் வெட்டிவிட்டு '...' போடுவது எல்லாக் கருவியிலும் இருக்கும் வசதி. ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வரும். 'டோன்ட்' என்பதைப் படித்தவுடனேயே வேண்டாம் என்று தெரிந்துவிடும். மீதி வெட்டுப்பட்டாலும் சேதம் குறைவு. தமிழில் மறுப்பு வாலில் இருக்கிறது. 'அனுமதிக்க வேண்டாம்' என்ற பட்டனை வெட்டினால் மிஞ்சுவது 'அனுமதிக்க...' பக்கத்துப் பட்டனிலும் 'அனுமதிக்க...' என்றே இருந்தால்? ஒன்று 'அனுமதிக்கவும்', இன்னொன்று 'அனுமதிக்க வேண்டாம்'. திரையில் இரண்டும் ஒன்று. 'ஒப்புக்கொள்ளவில்லை'யின் வால் போனால் மிஞ்சுவது 'ஒப்புக்கொள்...' அர்த்தம் குறையவில்லை, தலைகீழாகிவிட்டது.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. வங்கிக் கணக்கு, மின்கட்டணம், ரேஷன், ஓய்வூதியம் என எல்லாம் கைப்பேசிக்கு வந்துவிட்ட காலம் இது. சின்னத் திரை உள்ள மலிவு போனில், கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். வெட்டுப்பட்ட பட்டன் முதலில் வருவது அவர்கள் கைக்குத்தான். ஆங்கிலம் தெரிந்தவர் மொழியை மாற்றிப் படித்துக்கொள்வார். தமிழ் மட்டும் தெரிந்தவர் தப்பான பட்டனை அழுத்துவார். பிறகு, "அவருக்குப் போன் பார்க்கத் தெரியாது" என்று பழி அவர் மேலேயே விழும்.

தீர்வு கருவிக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இதில் ஆறுதல். ஆட்டோ லேஅவுட்டில் ஒவ்வொரு பெயருக்கும் 'எவ்வளவு நெருக்கினாலும் நசுங்காதே' என்ற வலிமையைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு பட்டன் பக்கத்தில் பக்கத்தில் அடங்காவிட்டால் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கு என்று ஃபிளெக்ஸ்பாக்ஸுக்குச் சொல்லலாம். உயரத்தை எண்ணால் ஆணியடிக்காமல் எழுத்தே முடிவு செய்யட்டும் என்று விடலாம். மொழிபெயர்ப்பு வருமுன்பே ஆங்கிலச் சொற்களைச் செயற்கையாக நீட்டிப் பார்க்கும் சோதனை வசதி ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டின் நிரலாக்கக் கருவிகளிலும் உண்டு. ஆனால் நீட்டிய ஆங்கிலத்துக்கு வாலில் மறுப்பு கிடையாது. அதனால் அந்தச் சோதனை நீளத்தைக் காட்டும், அர்த்தம் தலைகீழாவதைக் காட்டாது. தமிழில் சோதிக்கத் தமிழையே போட்டுப் பார்க்க வேண்டும்.

1578-லிருந்து பார்த்தால் பாதை தெளிவாகத் தெரிகிறது. ஈயம் கேட்டது, எழுத்து சுருங்கியது. தட்டச்சு கேட்டது, எழுத்து ஒரே அகலத்துக்குள் ஒடுங்கியது. அச்சு கேட்டது, 13 எழுத்துகள் வடிவம் மாறின. அன்று அதற்கெல்லாம் நியாயம் இருந்தது. இரும்பையும் ஈயத்தையும் வளைப்பது கஷ்டம், கோட்டை வளைப்பது சுலபம். இன்று இயந்திரம் என்பது நாலு வரி விதி. அதை வளைப்பது எழுத்தை வளைப்பதைவிட எளிது.

ஆண்டிபட்டி வழியாகப் போன எத்தனையோ பேருந்துகளின் பலகைகளை எத்தனையோ ஓவியர்கள் எழுதியிருப்பார்கள். சிலர் எழுத்தை நெருக்கியிருப்பார்கள், சிலர் இரண்டு வரியாக்கியிருப்பார்கள், சிலர் சின்னதாக எழுதியிருப்பார்கள். ஆனால் இடம் போதவில்லை என்று 'ஆண்டிப...' என்று எழுதி மூன்று புள்ளி வைத்துவிட்டுப் போனவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஊருக்குப் போகிறவர் முழுப் பெயரையும் படித்தால்தான் ஏறுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.